ஆர்கன்சா வளரவில்லை, இரண்டு கவுண்டிகள்தான் வளர்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மக்கள் வடக்கை விட்டுத் தெற்கு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸ், புளோரிடா பற்றி எழுதியிருந்ததில் நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் போகிற போக்கில் ஆர்கன்சாவையும் அதே வரிசையில் சேர்த்து, "கிராமப்புற மாநிலங்கள்கூட வளர்கின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக இந்த மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 கணக்கெடுப்பில் ஆர்கன்சாவின் மக்கள்தொகை 29,15,918. 2020ல் 30,11,524. பத்து வருடத்தில் கூடியது சுமார் 95,600 பேர், அதாவது 3.3 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் மெதுவாக, ஆனால் நிதானமாக வளரும் மாநிலம் என்றுதான் தோன்றும். இங்கே கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. இப்போது நான் இருக்கும் பென்டன் கவுண்டியையும் அதை ஒட்டிய வாஷிங்டன் கவுண்டியையும் மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். பென்டன் கவுண்டி 2,21,339லிருந்து 2,84,333 ஆனது. வாஷிங்டன் கவுண்டி 2,03,065லிருந்து 2,45,871 ஆனது. இரண்டும் சேர்ந்து கூடியது 1,05,800. மாநிலம் முழுவதும் கூடியதைவிட இது அதிகம்! அப்படியென்றால் மீதி 73 கவுண்டிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அங்கே ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். தலைநகர் லிட்டில் ராக் இருக்கும் புலாஸ்கி கவுண்டி போல வளர்ந்த சில இடங்களையும் அந்த 73ல் சேர்த்துத்தான் சொல்கிறேன். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு கவுண்டிகள் அந்தப் பத்து வருடத்தில் சுருங்கின. இதை வளரும் மாநிலம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு விஷயமும் உண்டு. 2010க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்காவின் நகரப் பகுதிகளிலேயே அதிக வேகமாக ஆட்களை இழந்தது இதே ஆர்கன்சாவில் இருக்கும் பைன் பிளஃப் பகுதி, 12.5 சதவீதம் போய்விட்டது. அதே பத்து வருடத்தில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரப் பகுதிகளில் ஒன்று, பென்டன், வாஷிங்டன் கவுண்டிகள் இருக்கும் எங்கள் வடமேற்கு ஆர்கன்சா. இரண்டும் ஒரே ஆளுநரின் கீழ், ஒரே சட்டமன்றத்தின் கீழ் இருக்கின்றன. காரில் கிளம்பினால் நாலு மணி நேரத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்விடலாம்.

மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி ஓடும் சமவெளியை டெல்டா என்கிறார்கள். வண்டல் மண், தட்டையான நிலம், ஒரு காலத்தில் முழுக்கப் பருத்தி, இப்போது நெல்லும் சோயாவும். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவில் விளைகிறது, பெரும்பகுதி இந்தச் சமவெளியில்தான். மண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் மனிதர்கள் இல்லை. பிலிப்ஸ் கவுண்டியில் 1950ல் 46,254 பேர் இருந்தார்கள். 2020ல் 16,568 பேர். கடைசிப் பத்து வருடத்தில் மட்டும் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் குறைந்திருக்கிறார். அதன் தலைமை ஊர் ஹெலினா, ஆற்றுத் துறைமுகம், ப்ளூஸ் இசைக்குப் பேர்போன இடம், 1941லிருந்து ப்ளூஸ் நிகழ்ச்சி நடத்திய வானொலி நிலையம் உள்ள ஊர். அந்த ஊரின் கடைவீதியில் நடந்திருக்கிறேன். செங்கல் கட்டடங்கள் அழகாக நிற்கின்றன, பல கடைகளுக்குள் எதுவுமே இல்லை.

இது ஏதோ சமீபத்தில் வந்த வினை இல்லை. உள்நாட்டுப் போருக்கு அப்புறம் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தாலும் நிலம் பழைய கைகளிலேயே இருந்தது. கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், அரிசி, மாவு எல்லாம் பண்ணைக் கடையில் கடன், அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மறுபடியும் கடன். 1919ல் பிலிப்ஸ் கவுண்டியில் எலைன் என்ற ஊரில் கறுப்பின வாரக் குடியானவர்கள் பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்ந்ததற்காக அவர்களைக் கொன்று குவித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை முடிவாகவில்லை. 1934ல் டைரோன்சா என்ற சிற்றூரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாகச் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை ஆரம்பித்தார்கள், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்தது. நூறு குடும்பம் செய்த வேலையைச் சில இயந்திரங்கள் செய்தன. பண்ணைக்காரருக்கு ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. இருந்தவர்கள் சிகாகோ, செயின்ட் லூயிஸ், டெட்ராய்ட் என்று ரயில் ஏறினார்கள்.

அப்படி ஏறியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்றால், மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே கீழே இறங்கியது. 1940ல் 19,49,387. 1960ல் 17,86,272. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் நாடு வளர்ந்துகொண்டிருக்க, இந்த மாநிலம் இருபது வருடம் தேய்ந்தது. அதன் விலையை அரசியலிலும் கொடுத்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஆர்கன்சாவுக்கு 7 இடங்கள் இருந்தன. 1950 கணக்கெடுப்புக்குப் பிறகு 6 ஆனது, 1960க்குப் பிறகு 4 ஆனது. இன்றைக்கும் 4தான். தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதிகள் 1967ல் 41லிருந்து 39 ஆனதையும், அடுத்த மறுவரையறை என்ன செய்யுமோ என்ற கவலையையும் அறிந்த உங்கள் வாசகர்களுக்கு, ஏழு நாலானது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டெல்டாவில் மிச்சமிருப்பவர்கள் நிலை என்ன? ஆள் குறைந்தால் பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். 2003ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் வந்த ஒரு சட்டப்படி, தொடர்ந்து இரண்டு வருடம் 350 மாணவர்களுக்குக் குறைவாக இருக்கும் பள்ளி மாவட்டங்கள் பக்கத்து மாவட்டத்தோடு இணைய வேண்டியதாயிற்று. பின்னால் 2015ல் விலக்குக் கேட்க வழி வைத்தார்கள், ஆனால் அதற்குள் நிறைய சின்ன ஊர்கள் தங்கள் உயர்நிலைப் பள்ளியை இழந்துவிட்டன. இங்கே கிராமத்தில் பள்ளி என்பது பாடம் நடத்தும் இடம் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்டம், பாண்டு வாத்தியம், ஊர்க்கூட்டம், எல்லாமே அதைச் சுற்றித்தான். பள்ளி போனால் இளம் குடும்பம் ஒன்றுகூட அங்கே வீடு வாங்காது. மருத்துவமனை கதையும் இதுதான், பிரசவம் பார்ப்பதை நிறுத்திய கிராமப்புற மருத்துவமனைகள் பல. பேறுகாலம் நெருங்கிய பெண் ஒரு மணி நேரம், அதற்கும் மேல் கார் ஓட்டிப் போக வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. இளையவர்கள் போய் முதியவர்கள் மிஞ்சிய கவுண்டிகளில் பிறப்பைவிட இறப்பு அதிகம். கோவிட் காலத்தில் மாநிலம் முழுவதையும் சேர்த்தே அப்படித்தான் இருந்தது.

சரி, வடமேற்கில் மட்டும் என்ன நடந்தது? இங்குள்ள ஓசார்க் மலைப்பகுதியும் ஒருகாலத்தில் ஏழ்மையான இடம்தான். பெரும் பண்ணைகள் கிடையாது, கல் நிறைந்த நிலம், சின்னச் சின்ன விவசாயிகள், ஆப்பிள், அப்புறம் கோழி. 1930களில் ஸ்பிரிங்டேலிலிருந்து லாரியில் கோழிகளைச் சிகாகோவுக்கு ஏற்றிப் போய் விற்கத் தொடங்கிய ஜான் டைசனின் வியாபாரம்தான் இன்றைய டைசன் நிறுவனம். 1950ல் பென்டன்வில் சதுக்கத்தில் சாம் வால்டன் ஒரு மலிவு விலைக் கடை திறந்தார், 1962ல் பக்கத்து ஊரான ராஜர்ஸில் முதல் வால்மார்ட். லோவலில் ஜே.பி. ஹண்ட் லாரி நிறுவனம். ஃபயட்வில்லில் மாநிலப் பல்கலைக்கழகம். வால்மார்ட்டுக்குச் சரக்கு விற்கும் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கேயே அலுவலகம் போட்டன. 1990ல் பென்டன்வில்லில் 11 ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், 2020ல் 54,164. 2024ல் வால்மார்ட் தன் சிறு அலுவலகங்களிலும் வீட்டிலிருந்தும் வேலை பார்த்த பலரை இடம் மாறச் சொன்னபோது அவர்களில் நிறையப் பேர் வந்ததும் இங்கேதான். 2020 கடைசியில் இங்குள்ள தொழில் அமைப்பு ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இங்கே குடிவந்தால் 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் தருவதாக அறிவித்தது. அதே வருடம் டெல்டாவில் இருப்பவர்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்க யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கிறேன்.

உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொரு பெரிய விஷயம், வந்தவர்கள் யார் என்பது. வடமேற்கு என்றாலே கணினி வேலைக்காரர்களும் மேலாளர்களும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1990ல் ஆர்கன்சா முழுவதும் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், 20 ஆயிரத்துக்கும் குறைவு. 2020ல் 2,56,000க்கும் மேல். கோழி இறைச்சி ஆலைகளில் குளிரில் நின்று கத்தி பிடித்து வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது, மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்தார்கள். இவர்களால் வடமேற்குக்கு வெளியேயும் சில ஊர்கள் பிழைத்தன. தென்மேற்கில் டி குவீன் என்று ஒரு ஊர், பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். 2019ல் அங்கிருந்த மருத்துவமனை மூடப்பட்டது. அதே வருடம் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு தங்களுக்குத் தாங்களே விற்பனை வரியைக் கூட்டிக்கொண்டு, புது மருத்துவமனை ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். ஆட்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஸ்பிரிங்டேலில் மார்ஷல் தீவு மக்கள் இருக்கிறார்கள், ஹவாய் தவிர்த்த அமெரிக்காவில் அவர்களுடைய மிகப் பெரிய குடியிருப்பு இதுதான். பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் அவர்களுடைய தீவுகளில் 1946லிருந்து 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1986ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அவர்கள் விசா இல்லாமல் இங்கே வந்து வாழலாம், வேலை செய்யலாம், ஆனால் குடியுரிமை தானாகக் கிடைக்காது. 1996 சட்டம் ஒன்று ஏழைகளுக்கு அரசு தரும் மெடிக்கெய்ட் மருத்துவ உதவியை அவர்களிடமிருந்து பறித்தது, 2020 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. நடுவில் இருபத்து நாலு வருடம் ஆலையில் வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கக் காசில்லாமல் கஷ்டப்பட்டார்கள். 2020 கோவிட் முதல் அலையில் இந்த இரண்டு கவுண்டிகளில் செத்தவர்களில் அவர்கள் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பேர் மார்ஷல் தீவுக்காரர்கள். கோழி வெட்டும் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாதில்லையா. இன்று ஸ்பிரிங்டேல் பள்ளி மாவட்டம்தான் மாநிலத்திலேயே பெரியது, அதில் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் ஹிஸ்பானிக், மார்ஷல் தீவுப் பிள்ளைகளும் நிறைய. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கறுப்பர்களை இரவில் தங்க விடாத ஊர் என்று பெயரெடுத்திருந்த ஸ்பிரிங்டேல்தான் இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாநிலம் முழுவதுக்கும் பார்த்தால் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் பங்கு 2010ல் 74 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2020ல் 68 சதவீதத்துக்குச் சற்று மேல். வெளியூரிலிருந்து வந்து தங்கும் ஓய்வுபெற்றவர்கள் கணக்கு தனி, மவுன்டன் ஹோம், பெல்லா விஸ்டா பக்கம் அவர்கள் நிறைய.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் இனிமேல்தான் வருகிறது. இந்த எண்களெல்லாம் சரியான எண்களே இல்லை. 2020 கணக்கெடுப்பு முடிந்த பிறகு சென்சஸ் துறையே ஒரு சரிபார்ப்பு ஆய்வு நடத்தி 2022 மே மாதம் வெளியிட்டது. அதன்படி நாட்டிலேயே மிக மோசமாகக் குறைத்து எண்ணப்பட்ட மாநிலம் ஆர்கன்சா, 5.04 சதவீதம் பேர் விடுபட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர்! டென்னசி, மிசிசிப்பி, புளோரிடா, இல்லினாய், டெக்சாஸ் எல்லாம் இதற்கு அப்புறம்தான். பத்து வருடத்தில் கூடியவர்கள் 95,600 என்றேன், விடுபட்டவர்கள் அதைவிட அதிகம். நாடு முழுவதும் எடுத்தால் ஹிஸ்பானிக் மக்களில் சுமார் 5 சதவீதம் பேர் விடுபட்டார்கள், கறுப்பின மக்களில் 3.3 சதவீதம் பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் விடுபட்டவர்களில் நிறைய. அதாவது யாருக்கு அரசின் பள்ளியும் மருத்துவமும் அதிகம் தேவையோ அவர்கள்தான் கணக்கில் இல்லை.

ஏன் விடுபட்டார்கள்? கிராமங்களில் நிறையப் பேர் கடிதத்தைத் தபால் நிலையப் பெட்டியில்தான் வாங்குகிறார்கள், சென்சஸ் படிவம் அந்தப் பெட்டிகளுக்கு வராது, வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்கத் தொடங்கிய நேரம் பார்த்துக் கோவிட் வந்து வேலை நின்றது. இணையத்தில் நிரப்பலாம் என்றார்கள், இணையமே சரியாக இல்லாத கவுண்டிகள் எத்தனையோ. களப்பணியை அக்டோபர் நடுவிலேயே முடித்துவிட்டார்கள். இதோடு, குடியுரிமை பற்றி ஒரு கேள்வியைச் சேர்க்கப் போவதாக அதற்கு முன் இரண்டு வருடம் பேசிப் பேசி மக்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். 2019ல் உச்ச நீதிமன்றம் தடுத்ததால் அந்தக் கேள்வி கடைசியில் படிவத்தில் வரவில்லை, ஆனால் பயம் போகவில்லை.

அந்தப் பயம் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இருந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வருடம் நான் ஒவ்வொருவரிடமாகப் பேசினேன். "நாமதான் சிட்டிசன் இல்லையே, நமக்கு எதுக்கு?" என்பார்கள். "விசா நீட்டிப்புக்குப் போட்டிருக்கோம், இப்போ போய் அரசாங்கப் படிவத்துல பேரை எழுதணுமா?" என்பார்கள். "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம்" என்று சொன்னவர்களில் பலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் காலத்தை நினைத்தால், இன்னும் நெடுநாள் இங்கேதான் இருக்கப் போகிறார்கள். நாம் இங்கே கோயில் கட்டியிருக்கிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், வார இறுதியில் கிரிக்கெட் ஆடுகிறோம். கணக்கெடுப்பில் மட்டும் இல்லாமல் இருந்தால் எப்படி?

சட்டம் தெளிவாக இருக்கிறது. வழக்கமாக இங்கே வசிக்கும் எல்லோரும் எண்ணப்பட வேண்டும், எச்-1பி ஆனாலும் மாணவர் விசா ஆனாலும் சரி. ஒருவர் தந்த தகவலை சென்சஸ் ஊழியர் வெளியே சொன்னால் ஐந்து வருடச் சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். தனிநபர் விவரம் 72 வருடத்துக்குப் பூட்டி வைக்கப்படும். 2020ல் படிவத்தை நிரப்பத் தமிழிலேயே வழிகாட்டிக் கையேடு இருந்தது, அது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களைப் போன்ற பத்திரிகைகளைத்தான் இங்கே இருப்பவர்கள் கைபேசியில் படிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

பென்டன்வில்லில் விடுபடும் ஒரு தமிழ்க் குடும்பத்தால் வால்மார்ட்டுக்கோ நகரத்துக்கோ பெரிய நஷ்டம் வராது என்று எனக்கும் தெரியும். இந்த ஊரில் பணம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் பணம் பிரியும்போது மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையும் பார்க்கப்படுகிறது. நம் ஆட்களும் ஸ்பிரிங்டேல் ஆலைத் தொழிலாளியும் ஹெலினாவில் பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டியும் அதே 30 லட்சத்துக்குள்தான் வருகிறோம். நாம் சேர்ந்தால் அவர்களுக்கும் கொஞ்சம் சேரும். நம் சம்பளமும் நம் பிள்ளைகளின் நல்ல பள்ளியும் இந்த மாநிலத்தில் நமக்குக் கிடைத்தவை, மாநிலத்தின் மற்ற பகுதி எப்படி இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் இங்கே வாழ்ந்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு பக்கம் ஒதுக்கி, அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்காக எளிமையாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரிலிருந்து சில மாதம் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கும் அப்பா அம்மாவைச் சேர்க்க வேண்டாம். வேறு ஊரில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை அங்கேதான் எண்ணப்படும். ஏப்ரல் 1 அன்று பிறந்து இன்னும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரே வீட்டைப் பகிர்ந்து தங்கும் இரண்டு குடும்பங்கள் என்றால் ஒரே படிவத்தில் எல்லோர் பெயரும் வர வேண்டும். இவ்வளவு எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம், அந்தக் கணக்கெடுப்பின் முடிவுகள் வரும்போது தயவுசெய்து ஆர்கன்சாவுக்கு ஒரே ஒரு எண்ணைப் போட்டு விட்டுவிடாதீர்கள். பென்டன் கவுண்டிக்குப் பக்கத்தில் பிலிப்ஸ் கவுண்டியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருவர்,
பென்டன்வில், ஆர்கன்சா.